பூட்டு சரியா விழுந்துச்சா?

குழந்தை பிறந்த சேதி வந்ததும் நம்மாட்கள் கேட்பது மூணே கேள்வி. பையனா, பொண்ணா? எத்தனை கிலோ? யார் ஜாடை? (மூன்றாவதற்கு யோசிக்காமல் மாமியார் பெயரைச் சொல்லிவிடுவது உத்தமம்.) நாலாவதாக ஒன்று உண்டு. அதை யாரும் கேட்பதில்லை: "டாக்டர், இடுப்பைப் பார்த்தாச்சா?"

நான் பி.காம். எலும்புக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. எழுத வைத்தவர் திண்டுக்கல் நாகல்நகர் நண்பர். அவருக்குத் தலைச்சன், பெண். வயிற்றில் தலை மேலே, பிட்டம் கீழே என்று உட்கார்ந்திருந்ததால் சிசேரியன். மறுநாள் டாக்டரம்மா குழந்தையின் தொடைகளை மடக்கி, மெதுவாக அகட்டிப் பார்க்க, பாட்டி பதறிவிட்டார்.

"பச்ச உடம்பும்மா, காலைப் போட்டு முறுக்குறீகளே!"

"முறுக்கலை பாட்டி, பூட்டு சரியா விழுதான்னு பார்க்கறேன்."

திண்டுக்கல்காரருக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

தொடை எலும்பின் தலை ஒரு பந்து. அது உட்காரும் இடம், இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம். சில குழந்தைகளுக்குக் கிண்ணத்தில் ஆழம் போதாது, பந்து நழுவும். வலிக்காது, குழந்தை அழாது. வில்லங்கமே அதுதான். நடக்க ஆரம்பித்துச் சாய்ந்து சாய்ந்து போகும்போதுதான் கண்ணில் படும். அதற்குப் பிறகு பெரும்பாலும் ஆபரேஷன், மாதக்கணக்கில் மாவுக்கட்டு.

நழுவிய பந்து திரும்ப உள்ளே விழுவதைக் கையால் உணரலாம் என்று 1937-ல் எழுதியவர் ஆர்த்தோலானி என்ற இத்தாலிய டாக்டர். நழுவக்கூடியதா என்று தள்ளிப் பார்க்கும் முறையை 1962-ல் சொன்னவர் இங்கிலாந்தின் பார்லோ. இரண்டும் சேர்த்து இரண்டு நிமிஷ வேலை. செலவு பூஜ்யம்.

ஆனால் கைக்கும் சில தப்பிவிடும். பிட்டம் கீழே இருந்த குழந்தை, குடும்பத்தில் யாருக்காவது இந்தக் கோளாறு இருந்த குழந்தை என்றால் ஆறு வாரத்தில் ஒரு ஸ்கேன் நல்லது. எக்ஸ்ரே அப்போது உதவாது. பந்து இன்னும் குருத்தெலும்பு, படத்தில் விழாது. "கை வச்சுப் பார்த்து சரின்னுட்டாங்க, ஸ்கேன் எதுக்கு?" என்று இழுத்தார் நண்பர். மனைவி விடவில்லை. இடது பக்கம் ஆழம் குறைவு என்று வந்தது. 'பாவ்லிக்' பெல்ட் மாட்டினார்கள். காலைத் தவளை மாதிரி மடக்கி வைக்கும் வார்ப்பட்டை, அவ்வளவுதான். ஆறு மாதத்துக்குள் பிடித்தால் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். பாப்பாவுக்கும் ஆனது.

மத்திய அரசு 2013-ல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலிலும் இந்தக் கோளாறு இருக்கிறது. ஆகவே அரசு ஆஸ்பத்திரியில் தயங்காமல் கேட்கலாம்.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. கால் வளைந்துவிடும் என்று நீட்டி வைத்து இறுக்கிச் சுற்றுகிறார்களே, அது ஆகாது. ஜப்பானில் 1975 வாக்கில் இந்தப் பழக்கத்தை விடச் சொல்லிப் பிரசாரம் செய்தார்கள். கோளாறு வெகுவாகக் குறைந்தது. நம் பாட்டிமார் இடுப்பில் காலை அகட்டி உட்கார வைத்துத் தூக்குவது, டாக்டர்கள் மெச்சும் முறை. சிநேகிதர் குழந்தைக்கு ஜிப் வைத்த துணிப்பை பரிசளிக்கப் போகிறீர்களா? கால் பக்கம் தாராளமாக இருக்கிறதா என்று கடையிலேயே விரித்துப் பார்த்து வாங்குங்கள்.