தலைவலி சொன்ன சேதி

1902-ஆம் வருஷம் செப்டம்பர் 28-ந் தேதி இரவு. பாரிஸ் நகரில் குளிர் சற்று முன்னதாகவே வந்துவிட்டது. பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஜோலாவும் அவர் மனைவியும் அன்றுதான் மேடான் கிராமத்து வீட்டிலிருந்து நகரத்து வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். படுக்கையறைக் கணப்பில் நிலக்கரி மூட்டப்பட்டது. கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு இருவரும் படுத்தார்கள்.

நள்ளிரவுக்குப் பின் அம்மையாருக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார். கணவருக்கும் உடம்பு சரியில்லை. வேலைக்காரர்களை எழுப்பலாம் என்று அம்மையார் சொன்னபோது ஜோலா தடுத்துவிட்டார். காலையில் சரியாகிவிடும் என்றார். பிறகு அவரே எழுந்தார், விழுந்தார். காலையில் கதவைத் திறந்து பார்த்தபோது அவர் உயிரோடு இல்லை. அம்மையார் பிழைத்துக்கொண்டார்.

டிரைஃபஸ் என்ற ராணுவ அதிகாரிக்கு நேர்ந்த அநீதியை எதிர்த்து எழுதியதால் ஜோலாவுக்கு விரோதிகள் ஏராளம். சதியோ என்று ஊர் பேசியது. அதிகாரிகள் அதே கணப்பை மூட்டி, அறையில் கினிப் பன்றிகளை விட்டுப் பார்த்தார்கள். அவை மறுநாளும் சௌக்கியமாகவே இருந்தன! விபத்து என்று தீர்ப்பாயிற்று. கூரை வேலை செய்த ஒருவன் புகைபோக்கியை அடைத்ததாக ஒப்புக்கொண்டான் என்று 1953-ல் ஒரு பத்திரிகை எழுதியது. அது நிரூபணமாகவில்லை. ஆனால் உயிரைக் குடித்தது எது என்பதில் சந்தேகமே இல்லை: கார்பன் மோனாக்ஸைடு வாயு.

கரி போதிய காற்றோடு எரிந்தால் கரியமில வாயு உண்டாகிறது. காற்றுப் போதாவிட்டால் இந்தப் பொல்லாத வாயு அதிகமாகிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண்ணும் கரிக்காது. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட இதனோடு 200 மடங்குக்கும் மேலாக ஒட்டிக்கொள்கிறது. வண்டியில் வேறொருவன் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுப்பதுபோலத்தான்!

இதெல்லாம் பாரிஸ் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிர் இரவுகளில் கரி அடுப்பைத் தணலோடு அறைக்குள் கொண்டுபோய் வைத்துப் படுப்பவர்கள் உண்டு. 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதி ஒன்றில் அப்படிப் படுத்த இரண்டு வாலிபர்கள் மறுநாள் எழுந்திருக்கவில்லை. வடக்கே அங்கீட்டி என்னும் கணப்புச் சட்டியால் மார்கழி, தை மாதங்களில் இதே துக்கம் நேர்கிறது.

நம் வீட்டுப் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள்: “புகை அடங்கட்டும், அப்புறம் உள்ளே கொண்டு வா.” இந்த விஷயத்தில் பெரியவர்கள் பேச்சைக் கேட்கக் கூடாது! புகை கண்ணில் பட்டால் நாமே எழுந்து ஓடிவிடுவோம். புகையாத செந்தணலிலிருந்துதான் இந்த வாயு சந்தடியின்றிக் கிளம்புகிறது. பக்கத்தில் சொம்பில் தண்ணீர் வைத்தாலும் பயனில்லை; இது தண்ணீரில் கரைவது வெகு சொற்பம். ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தால் போதுமா என்றால், அதை நம்பியும் தூங்கக் கூடாது. படுக்கப் போகுமுன் தணல் வெளியே போக வேண்டும். குளிருக்கு இன்னொரு கம்பளி போதும்.

காற்றுப் போக்கில்லாத குளியலறையில் காஸினால் வெந்நீர் போடும் கருவியும் அப்படித்தான். அதை வெளிச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். இந்த வாயுவைக் கண்டதும் அலறும் சிறு மின்கருவிகளும் இப்போது கடைகளில் கிடைக்கின்றன.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே வேளையில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். வெளியே வந்தால் குறைகிறது என்றால் சாப்பாட்டின்மேல் பழி போடாதீர்கள். எல்லோரையும் எழுப்பி வெளியே கூட்டி வந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே விரல் நுனியில் மாட்டும் கருவி, பிராணவாயு சரியாக இருப்பதாகவே காட்டக்கூடும். அதற்கு இந்த இரண்டு வாயுக்களையும் பிரித்தறியத் தெரியாது. ஆகவே டாக்டரிடம் முதல் வார்த்தையாக, “அறையில் கரி அடுப்பு இருந்தது” என்று சொல்லிவிடுங்கள்.