உப்பும் சர்க்கரையும் சேர்ந்து திறக்கும் கதவு

"பேதியாகிற பிள்ளைக்குத் தண்ணி கொடுத்தால் இன்னும் போகும், வயிற்றைக் காயப் போடு" என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் நீரிழப்புதான். போகிற நீரை உடனுக்குடன் ஈடுகட்ட வேண்டும். வெறும் தண்ணீர் அதற்குப் போதாது. ஏன் என்பதை நம் செல்கள் சொல்லும்.

ஊறுகாய் ஜாடி காட்டும் விதி

மாங்காயை நறுக்கி, உப்பைப் பிசறி ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டுகிறோம். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. மறுநாள் காலையில் அவிழ்த்துப் பார்த்தால் துண்டுகள் சுருங்கி, அடியில் உப்புநீர் தேங்கியிருக்கும். காய்க்குள் இருந்த நீர் அது. உப்போ சர்க்கரையோ எந்தப் பக்கம் கூடுதலாகக் கரைந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர்.

நம் செல்களுக்கும் இதே விதிதான். வெளியே உப்பு கூடினால் செல் சுருங்கும், குறைந்தால் ஊதும். சோடியம் செல்லுக்கு வெளியே அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் இருக்க வேண்டும்; பொட்டாசியம் நேர்மாறாக. செல்சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதப் பம்பு, ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. 1957-இல் இதை அடையாளம் கண்ட டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கூவுக்கு 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் தூங்கும்போதும் இந்தப் பம்பு நிற்பதில்லை.

காலராவால் மூட முடியாத வழி

கடும் பேதியை உண்டாக்கும் காலராக் கிருமியின் நச்சு, குடல் செல்களில் குளோரைடு வெளியேறும் வாய்க்காலைத் திறந்தே வைத்துவிடுகிறது. குளோரைடின் பின்னால் சோடியம், அதன் பின்னால் தண்ணீர். அரிசி கழுவிய நீர்போல மலம் போய்க்கொண்டே இருக்கும்.

ஆனால் அதே குடல் சுவரில் இன்னொரு புரதம் பழுதாகாமல் நிற்கிறது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே ஏற்றும். அவை உள்ளே போனதும் தண்ணீரும் பின்தொடர்கிறது. ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960-இல் இந்தக் கூட்டுப் பயணத்தை முன்வைத்தார். நம் பாட்டிமார் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி கொடுத்ததற்குப் பின்னாலும் இதுதான் இருக்கிறது: அரிசியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைகிறது.

எல்லை முகாமில் ஒரு மருத்துவர்

1971 வங்கதேசப் போர். மேற்கு வங்க எல்லையில் போங்காவ் மருத்துவமனைத் தரையெங்கும் காலரா நோயாளிகள். நரம்பில் ஏற்ற சலைன் தீர்ந்துபோகும் நிலை. மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளந்து தண்ணீரில் கரைத்து, குழாய் வைத்த டிரம்களில் நிரப்பிக் கொடுத்தார். நோயாளியின் உறவினர்களே பிடித்துப் புகட்டினார்கள். 30 சதவீதம் வரை போன இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2022-இல் அவர் மறைந்த பிறகுதான் நாடு பத்ம விபூஷண் கொடுத்தது. மிகத் தாமதமான மரியாதை.

அளவு தவறக் கூடாது

இன்றைய ஓஆர்எஸ் (வாய்வழி நீரேற்றக் கரைசல்) பொட்டலம் 2002-இல் திருத்தப்பட்ட உலக சுகாதார நிறுவனக் கலவை. ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டரில், சின்னதை 200 மி.லி. நீரில், முழுவதுமாகக் கரைக்க வேண்டும். பாதியைப் பிரித்து டம்ளரில் கலக்காதீர்கள். உப்பு கூடினால் மாங்காய்க்கு ஆனதுதான் மூளைச் செல்களுக்கும் ஆகும், வலிப்புகூட வரலாம்.

குளிர்பானமும் பாக்கெட் பழச்சாறும் ஓஆர்எஸ்ஸுக்கு ஈடாகாது. அவற்றில் சர்க்கரை மிகுதி, உப்பு சொற்பம். அந்தச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். உலக சுகாதார நிறுவன அளவில் இல்லாத பானங்கள் 'ஓஆர்எஸ்' என்ற பெயரைத் தாங்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்திருக்கிறது. அவசியமான உத்தரவு.

பொட்டலம் கைக்குக் கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ருசி பாருங்கள், கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. ஒவ்வொரு முறை போன பிறகும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி. வரை, ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்குங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மருத்துவர் எழுதித் தரும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் சொன்ன நாள்வரை கொடுங்கள்.

குழந்தை அழுதும் கண்ணீர் வராவிட்டால், உச்சிக்குழி பள்ளமாகியிருந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டதும் மடிப்பு உடனே மறையாவிட்டால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், குடிக்கவே முடியாமல் துவண்டு கிடந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். போகும் வழியிலும், குடிக்க முடிகிற குழந்தைக்குக் கரைசலைப் புகட்டிக்கொண்டே போங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓஆர்எஸ் இலவசம். இரண்டு பொட்டலம் வாங்கி இன்றே வீட்டில் வையுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் கொட்டிவிடுங்கள்.