கோஜி பெர்ரி: பயன்களும், மருந்து உட்கொள்வோர் அறிய வேண்டியவையும்

கோஜி பெர்ரி என்பது சீனாவில் பல நூற்றாண்டுகளாக உணவாகவும் மருந்தாகவும் பயன்பட்டு வரும் சிறிய செந்நிறப் பழமாகும். தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முட்செடியில் இது காய்க்கிறது. வடமேற்குச் சீனாவின் நிங்சியா பகுதி இதன் சாகுபடிக்குப் பெயர் பெற்றது. சீனர்கள் உலர்ந்த பழத்தைக் கஞ்சியிலும் சூப்பிலும் சேர்ப்பர். வெந்நீரில் ஊறவைத்துத் தேநீர் போலவும் அருந்துவர். இங்கு உலர்பழக் கடைகளிலும் இணைய விற்பனைத் தளங்களிலும் உலர்பழமாகவும் சாறாகவும் பொடியாகவும் கிடைக்கிறது.

பழத்தில் உள்ளவை

100 கிராம் உலர்ந்த பழத்தில் ஏறத்தாழ 350 கலோரி ஆற்றலும், 14 கிராம் புரதமும், 45 கிராம் சர்க்கரையும் உள்ளன. வைட்டமின் சி சுமார் 48 மில்லிகிராம் மட்டுமே. கொய்யாப்பழத்தில் இதைப் போல் பல மடங்கு உண்டு. விலையும் மிகக் குறைவு. எனவே வைட்டமின் சி-க்காகக் கோஜி பெர்ரியை நாட வேண்டியதில்லை.

இப்பழத்தின் உண்மையான சிறப்பு, சியாசாந்தின் என்னும் மஞ்சள் நிறமியாகும். நமது விழித்திரையின் மையத்தில், கூர்ந்து பார்ப்பதற்குப் பயன்படும் சிறு பகுதியில், இந்நிறமி இயல்பாகவே படிந்துள்ளது. அது நீல ஒளியின் ஒரு பகுதியை வடிகட்டி விழித்திரையைக் காக்கிறது. நமது உடலால் அதனை உருவாக்க இயலாது. உணவின் வழியாகவே பெற வேண்டும். அமெரிக்காவில் 45 முதல் 65 வயதுக்குட்பட்ட 27 பேரிடம் நடத்தப்பட்டு, 2021இல் வெளியான ஆய்வில், வாரம் ஐந்து நாள் 28 கிராம் வீதம் 90 நாள்கள் இப்பழத்தை உண்டவர்களின் விழித்திரை நிறமி அடர்த்தி உயர்ந்தது. ஆயினும் அவர்கள் அனைவரும் நலமுடன் இருந்தவர்கள்; எண்ணிக்கையும் சிறிது. ஆகவே கண் மருத்துவர் அளித்த மாத்திரைக்கோ கண்ணில் செலுத்தப்படும் ஊசிக்கோ இப்பழம் மாற்றாகாது. சியாசாந்தின் கொழுப்பில் கரையக்கூடியது என்பதால், பால், நிலக்கடலை, பாதாம் போன்றவற்றுடன் உண்பது நல்லது.

புற்றுநோயைக் குணப்படுத்தும், ஆயுளை நீட்டிக்கும் என்ற விளம்பரங்களுக்கு மனிதர்களிடம் நிறுவப்பட்ட சான்று இல்லை. ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பு மதிப்பெண்’ என ஓர் எண்ணைச் சில உறைகளில் காணலாம். அது சோதனைக் குழாயில் அளக்கப்படுவது. உடலுக்குள் நிகழ்வதைக் காட்டாது. இக்காரணத்தாலேயே அமெரிக்க வேளாண்மைத் துறை அத்தகைய அட்டவணையை 2012இல் தன் இணையதளத்திலிருந்து நீக்கியது.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உட்கொள்கிறீர்களா?

செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டோர், கால் சிரையில் இரத்தக்கட்டி ஏற்பட்டோர், சீரற்ற இதயத்துடிப்பு உடையோர் ஆகியோருக்கு வார்ஃபரின் அல்லது அசினோகுமரால் வழங்கப்படுவதுண்டு. ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையின்படியே இவற்றின் அளவு முடிவு செய்யப்படுகிறது. பலருக்கு அம்மதிப்பு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் இரத்தம் உறையும். மிகுந்தால் இரத்தக்கசிவு ஏற்படும்.

வார்ஃபரினைச் சீரான அளவில் உட்கொண்டு வந்த 61 வயதுச் சீனப் பெண்மணி ஒருவர், அடர்த்தியான கோஜி தேநீரை நாளொன்றுக்கு மூன்று, நான்கு குவளை வீதம் நான்கு நாள்கள் அருந்திய பின் அவரது ஐ.என்.ஆர். 4.1ஆக உயர்ந்தது. 2001இல் இது மருத்துவ இதழில் பதிவானது. அவருக்கு இரத்தக்கசிவு ஏற்படவில்லை. தேநீரை நிறுத்தி, வார்ஃபரின் அளவும் குறைக்கப்பட்ட பின் மதிப்பு இயல்புக்குத் திரும்பியது. பின்னர் பதிவான மற்றொரு நிகழ்வில், கோஜி சாறு அருந்திய 71 வயதுப் பெண்மணிக்கு மூக்கிலிருந்தும் மலக்குடலிலிருந்தும் இரத்தம் கசிந்தது. மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை இப்பழம் தடுப்பதால் மருந்து உடலில் தேங்குகிறது எனக் கருதப்படுகிறது. அசினோகுமராலும் பெரும்பாலும் அதே நொதியாலேயே சிதைக்கப்படுகிறது.

ஆகவே இம்மருந்துகளை உட்கொள்வோர் கோஜி பெர்ரியை எவ்வடிவிலும் தவிர்க்க வேண்டும். மருந்து விவரம் கேட்கும்போது பழத்தைப் பற்றி எவரும் கூறுவதில்லை. அதனை மருந்தாக எவரும் எண்ணாததே காரணம். வயதான பெற்றோரைப் பராமரிப்போர், உறவினர் அன்பளிப்பாக அனுப்பிய உலர்பழப் பொட்டலங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உண்டு வந்திருந்தால் பழத்தை மட்டும் நிறுத்துங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், உடனே ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஈறுகளில் இரத்தம், காரணமற்ற கன்றிய தழும்பு, சிவந்த சிறுநீர், கருநிற மலம், திடீர்க் கடுந்தலைவலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

பிறர் கவனிக்க வேண்டியவை

நீரிழிவு நோயாளிகள் சர்க்கரை அளவை மனத்திற்கொள்ள வேண்டும்; ஒரு கைப்பிடியில் ஏறத்தாழ 13 கிராம் உள்ளது. தக்காளி ஒவ்வாமை உள்ளோர்க்கு இப்பழமும் ஒவ்வாமல் போகலாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்ட பின்னரே உண்ண வேண்டும்.

நலமுடன் இருப்போர் நாளொன்றுக்கு ஒரு சிறு கைப்பிடி உண்ணலாம். சாற்றையும் பொடியையும் விடப் பழமே மேல். உண்ணும் அளவு கண்ணுக்குத் தெரியும்.