கணக்குப் போட்ட குதிரை

ஆசிரியர் கேள்வி கேட்டதும், விடை சொல்லும்போது உங்கள் பார்வை எங்கே இருக்கிறது? கரும்பலகையிலா? இல்லை, அவர் முகத்தில்தான். அவர் புருவம் சற்றே உயர்ந்தால் போதும். நுனி நாக்கில் இருந்த விடையை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொல்லிவிடுவோம். இந்தக் கலையில் நம்மையெல்லாம் மிஞ்சிய மாணவன் ஒருவன் பெர்லின் நகரில் இருந்தான். பெயர் ஹான்ஸ். அவன் ஒரு குதிரை!

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் அதற்குச் சில ஆண்டுகள் பொறுமையாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். "ஐந்தும் மூன்றும் எத்தனை?" என்றால் ஹான்ஸ் குளம்பால் எட்டு முறை தட்டிவிட்டு நின்றுவிடும். பின்னக் கணக்குகூடப் போட்டது. அவர் காசுக்காக இதைச் செய்யவில்லை. 1904-இல் கார்ல் ஸ்டும்ப் என்ற உளவியல் பேராசிரியரின் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்றே அது கூறியது. ஆஸ்டன் இல்லாத வேளையிலும், புதியவர்கள் கேட்டாலும் ஹான்ஸ் சரியாகத் தட்டியதே!

ஸ்டும்பின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் மட்டும் விடவில்லை. ஒருவர் குதிரையின் காதில் ஓர் எண்ணை மெதுவாகச் சொல்வார். இன்னொருவர் மற்றோர் எண்ணைச் சொல்வார். கூட்டுத்தொகை இருவருக்குமே தெரியாது. இப்போது ஹான்ஸ் திணறியது. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி கண்ணை மறைத்தபோதும் திணறியது. மாலையில் வெளிச்சம் குறையக் குறையத் தவறுகள் கூடின.

அப்படியானால் குதிரை கவனித்தது கணக்கை அல்ல, கேட்டவரை! கேள்வி கேட்டு முடித்ததும் குளம்பைப் பார்ப்பதற்காக அவர் தலை இம்மியளவு குனியும். ஹான்ஸ் தட்டத் தொடங்கும். சரியான எண் வந்ததும் அவரையும் அறியாமல் தலை நிமிரும். ஹான்ஸ் நிறுத்திவிடும், ரொட்டியோ காரட்டோ கிடைக்கும். அத்தனை அறிஞர்கள் கண்ணில் படாத அசைவு அது. ஹான்ஸை முட்டாள் குதிரை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. இரகசியத்தைக் கண்டுபிடித்த ஃபுங்ஸ்ட், தாமே கேள்வி கேட்டபோது அந்த அசைவை அடக்க முயன்றார். அவராலும் முடியவில்லை.

வள்ளுவர் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். பிறர் குறிப்பை அறிவது அவ்வளவு பெரிய கலை. ஆனால் நம் முகம் என்ன குறிப்புக் காட்டுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணிப் பார்க்காதவன்தான்.

ஒரு செய்முறைத் தேர்வில் மாணவர் ஒருவரிடம், "தனி ஊசலின் குண்டு இருமடங்கு கனமானால் அலைவு நேரம் என்னவாகும்?" என்று கேட்டேன். "மாறாது சார்" என்றார். அந்த நேரம் பார்த்து அவருக்குப் பின்னால் இருந்த மேசையில் ஒருவர் கால்வனாமீட்டரைத் தவறாக இணைத்தார். அதைப் பார்த்து நான் முகம் சுளித்தேன். "இல்லை சார், கூடும்" என்றார் இவர் அவசரமாக. இரண்டாவது விடைக்குத்தான் மதிப்பெண் போட்டேன். மறுநாள் அவரே வந்து, "உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சார் மாற்றினேன்" என்றார். மதிப்பெண் பட்டியல் அதற்குள் போய்விட்டது.

அவர் சுளிப்பைச் சரியாகத்தான் பார்த்தார். காரணத்தைத்தான் தவறாக ஊகித்தார். "தவறா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் பெரிய பிழை என்னுடையது. இப்போதெல்லாம் மாணவர் பதில் சொல்லும்போது நான் அவருடைய பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். நண்பரை ஒன்று முதல் பத்துக்குள் ஓர் எண்ணை நினைக்கச் சொல்லுங்கள். நீங்கள் பென்சிலால் மேசையில் மெதுவாகத் தட்டிக்கொண்டே அவர் தலையையும் கண்ணையும் கவனியுங்கள். எங்கே நிறுத்தத் தோன்றுகிறதோ அங்கே நிறுத்துங்கள். இருபது முறை செய்து, எத்தனை சரி என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவரை உங்களுக்குப் பின்னால் நிற்கச் சொல்லி, இன்னும் இருபது முறை செய்யுங்கள். இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்து, எண்ணை நினைப்பது உங்கள் முறை.