பேசுபவர் தெரிகிறார், படியளப்பவர் யார்?

நாளிதழின் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர்களைத் தாங்கிய அவ்வரியை நம்மில் பலர் படிப்பதேயில்லை. எனினும், எழுதப்பட்டதற்குப் பொறுப்பேற்க ஓர் ஆள் உண்டு என்பதற்கு அதுவே சான்று.

அவ்வரி இல்லாமலேயே நாட்டு நடப்பைப் பேசுவோர் இன்று பெருகிவிட்டனர். ஒலிவாங்கியும் படக்கருவியும் இணையத் தொடர்பும் போதும். வீட்டு அறையிலிருந்தே யூடியூபிலும் பாட்காஸ்ட்டிலும் இலட்சக்கணக்கானோரிடம் பேசலாம். "எமக்கு முதலாளி இல்லை" என்பதே இவர்களுள் பலரின் பெருமிதம்.

அமெரிக்காவில் இவர்களது செல்வாக்கு வியப்பளிக்கிறது. முப்பது வயதுக்கு உட்பட்டோரில் 37 விழுக்காட்டினர் இத்தகையோரிடமிருந்து வழக்கமாகச் செய்தி அறிகின்றனர் என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் தெரிவித்தது. அவ்வாறு பேசுவோரில் 77 விழுக்காட்டினர் எச்செய்தி நிறுவனத்தையும் என்றும் சார்ந்திராதவர்கள். நகைச்சுவைக் கலைஞரான ஜோ ரோகன் 2009-இல் தொடங்கிய நிகழ்ச்சியில், 2024 அக்டோபரில் அதிபர் வேட்பாளர் டிரம்ப் ஏறத்தாழ மூன்று மணி நேரம் உரையாடினார்.

இதில் நன்மை இல்லாமலில்லை. தொலைக்காட்சியில் சில நிமிடங்களில் முடியும் பேட்டி, இங்கே ஆற அமர நடைபெறுகிறது. பெரிய நிறுவனங்கள் புறக்கணித்த குரலும் மக்களை எட்டுகிறது. ஆனால், முதலாளி இல்லாதவர் எவரையும் சாராதவர் ஆகிவிடுவாரா?

2024 செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை ஒரு குற்றப்பத்திரிகையை வெளியிட்டது. இரஷ்ய அரசுத் தொலைக்காட்சியான ஆர்.டி.யின் ஊழியர் இருவர், டென்னசி மாநில நிறுவனம் ஒன்றின் வழியாக அமெரிக்க விமர்சகர்களின் காணொளிகளுக்கு ஏறத்தாழ ஒரு கோடி டாலரை இரகசியமாகச் செலவிட்டனர் என்பது குற்றச்சாட்டு. விமர்சகர் ஒருவருக்கு மாதம் நான்கு இலட்சம் டாலர் பேசப்பட்டதாம். படியளக்கும் செல்வந்தர் என்று காட்டப்பட்ட மனிதரோ வெறும் கற்பனை! விமர்சகர்கள்மீது வழக்கில்லை, தாங்களும் ஏமாற்றப்பட்டதாகவே அவர்களுட் சிலர் கூறினர். தம்மைச் சுதந்திரர் என்று மனமார நம்பியவர்களே, தமக்குப் பணம் வந்த ஊற்றை அறியவில்லை.

பணத்தைவிட நுண்ணிய தளை ஒன்றும் உண்டு. பார்வையாளர் பெருகினால் வருவாய் பெருகும். சினமும் அச்சமும் ஊட்டினால் பார்வையாளர் பெருகுவர். கேட்போரின் கைதட்டலே அங்கு முதலாளியாகிவிடுகிறது. 45 நாடுகளில் 500 படைப்பாளரிடம் யுனெஸ்கோ நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், 62 விழுக்காட்டினர் தகவலைப் பகிருமுன் முறையாகச் சரிபார்ப்பதில்லை என்று தெரியவந்தது.

பெற்றோரே, உங்கள் மகன் கைப்பேசியில் இத்தகைய ஒருவரின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் தனியே சென்று கேட்பான். அருகில் அமர்ந்து நீங்களும் கேளுங்கள். பின்னர் மூன்று வினாக்களை அவனோடு சேர்ந்து ஆராயுங்கள். இவருக்குப் படியளப்பவர் யார்? இவர் கூறுவதற்குச் சான்று எங்கே? தாம் கூறியது தவறென்று இவர் என்றேனும் ஒப்புக்கொண்டதுண்டா?

அவ்வினாக்களை நாளிதழுக்கும் தொலைக்காட்சிக்கும் பொருத்திப் பார்க்கலாம். நமக்குப் பிடித்தமானதைப் பேசுபவரிடம் முதலில் கேட்பதே முறை. ஏனெனில், அங்கேதான் நாம் ஏமாறுவது எளிது.