பேட்டரியா, எர்த் வயரா?

2014 ஜனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றுபோனது. இன்றும் சென்னை புதுப்பேட்டையின் சந்துகளில் அந்த வண்டிக்கு செல்ஃப் மோட்டார் வேண்டுமா, ஆல்டர்நேட்டர் வேண்டுமா என்று கேட்டு எடுத்துக் கொடுக்கிறார்கள். எந்தப் பாகம் கெட்டது என்பதை மட்டும் வாங்க வந்தவர்தான் சொல்லியாக வேண்டும். செகண்ட் ஹேண்ட் கார் வைத்திருப்பவர்களுக்குக் கை கடிப்பதும் அங்கேதான். கெட்ட பாகத்துக்குக் கொடுத்த காசைவிட, கெடாத பாகத்தை மாற்றியதில் போன காசு அதிகம் என்று புலம்பாத கார்க்காரர் குறைவு.

காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியையே எடுத்துக்கொள்ளலாம். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், டேஷ்போர்டு விளக்குகள் மங்குகின்றன. தெருமுனைப் பட்டறையில் உடனே தீர்ப்பு வந்துவிடும்: "பேட்டரி போயிருச்சு சார்." இருக்கலாம். ஆனால் புது பேட்டரி போட்ட மூன்றாம் வாரமே அதே 'டிக்' திரும்பி வந்த வண்டிகள் ஏராளம்.

இதைக் கண்டுபிடிக்க எலெக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் முழுதாக இருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். அடுத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் வோல்டேஜ் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிமீது சந்தேகப்படுவது நியாயம். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். அப்போது எத்தனை புது பேட்டரி போட்டாலும் அதுவும் காலியாகும்; பார்க்க வேண்டியது ஆல்டர்நேட்டரையும் அதன் பெல்ட்டையும்.

இத்தனையும் சரியாக இருந்தும் செல்ஃப் அடிக்காவிட்டால்? பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து பாடிக்கும் என்ஜினுக்கும் போகும் தடித்த எர்த் வயரைப் பார்க்க வேண்டும். பத்து வருட வண்டியில் அது பாடியோடு சேரும் போல்ட்டில் துரு ஏறியிருப்பது சாதாரணம். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை என்ஜின் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னால் பூஜ்யத்தை ஒட்டிய எண் வர வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம், குற்றவாளி எர்த்தான். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப முறுக்கினால் வேலை முடிந்தது. செலவு, ஒரு உப்புத்தாள்.

இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது என்பது வேறு கதை. வண்டியைப் பூட்டிவிட்டு, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் அடங்கக் கொஞ்ச நேரம் விட்டு அளந்தால், வெளியேறும் கரண்ட் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ அந்த லைனில்தான் திருடன். பழைய முதலாளி ஆசையாக மாட்டிய மியூசிக் சிஸ்டம், ஜிபிஎஸ் கருவி ஆகியவற்றில் கைவைத்தாலே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும். மீதியில் எலிக்கும் ஒரு பங்கு உண்டு. பானெட்டுக்குள் புகையிலையைக் கட்டித் தொங்கவிட்டாலும் அது வயரைக் கடித்துவிட்டுத்தான் போகிறது.

அடுத்த பெரிய தலைவலி 'ஹீட் ஆகுது'. இங்கே மெக்கானிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எப்போது என்பது. சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்குகிறதா? அப்படியானால் ஓட்டத்தில் அடிக்கும் காற்று என்ஜினைக் காப்பாற்றுகிறது, ரேடியேட்டர் ஃபேன்தான் வேலை செய்யவில்லை. ஃபேன் மோட்டார் விலை கூடுதல். அதை இயக்கும் ரிலேவும் ஃபியூஸும் மலிவு. அந்த இரண்டையும் பார்க்காமல் மோட்டாரை மாற்றுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. மாறாக, ஜிஎஸ்டி சாலையில் 90-ல் போகும்போது ஹீட் ஏறினால் ஃபேனுக்குச் சம்பந்தமில்லை. ரேடியேட்டர் அடைத்திருக்கும், அல்லது தண்ணீர் சுற்றவில்லை.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் நம் தண்ணீர். கூலண்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றிவிடும் பழக்கம் ஊரெங்கும் உண்டு. உப்புத் தண்ணீர் சூடேறிச் சூடேறி, குடத்தில் படிவதைப்போல ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் வெள்ளையாகப் படிகிறது. கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றியிருந்தால் வராத செலவு இது. ரேடியேட்டர் மூடியையும் யாரும் மதிப்பதில்லை. சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். அந்த மூடியின் ஸ்பிரிங் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கொதிநிலை 120 டிகிரியை நெருங்குகிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடியை மாற்றியதோடு தீர்ந்துபோன ஹீட்டிங் பிரச்சினைகள் நிறைய.

இன்னொரு பழைய வைத்தியம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. "அதை எடுத்துட்டா ஹீட்டே ஆகாதுண்ணே" என்பார்கள். ஆகாதுதான். என்ஜின் தனக்கு வேண்டிய சூட்டுக்கே வராமல் ஓடும். கார்புரேட்டர் காலத்தில் அந்த வைத்தியம் ஏதோ ஓடிவிட்டது. இன்றைய வண்டியில் கம்ப்யூட்டர், 'என்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது' என்று எண்ணி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழுந்தது ஏன் என்று உரிமையாளர் மாதக்கணக்கில் தேடுவார். இது வைத்தியமே அல்ல, நோயை வேறு இடத்துக்கு மாற்றும் வேலை.

ஹீட் ஏறியபடியே ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும்; அலுமினிய ஹெட் வளையும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகுவது, ஆயில் மூடியின் அடியில் வெளிறிய பிசுக்கு, என்ஜின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை ஆகிய மூன்றும் கேஸ்கட் போனதன் அடையாளங்கள். வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுதாகத் திருப்பலாம். என்ஜின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வரும், ஓட்டுபவர் வேர்த்துப்போவார், ஓரம்கட்டும் வரை என்ஜின் தாங்கும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே கூடாது. முகம் வெந்துவிடும்.

செக் என்ஜின் விளக்கு எரிந்தால் 'ஸ்கேன் போட' வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் 1996 முதலே எல்லாக் கார்களுக்கும் கட்டாயமான ஓபிடி-2 முறை, இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிந்தைய வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் சின்ன ப்ளூடூத் கருவியைச் செருகினால் போனிலேயே எரர் கோடு (code) தெரியும். சிக்கல் அதற்குப் பிறகுதான். கோடு கெட்ட பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை. கம்ப்யூட்டர் கண்ட அறிகுறியைத்தான் சொல்கிறது. பி0171 வந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். அதைக் கண்டதும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். சென்சார் பாவம், உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்து என்ஜின் கள்ளக் காற்று குடித்துக்கொண்டிருக்கும். தெர்மோஸ்டாட் பிடுங்கிய வண்டி பி0128 என்று காட்டிக்கொடுக்கும்.

நல்ல மெக்கானிக் கோடை வைத்து என்ன செய்வார் என்பதற்கு மிஸ்ஸிங் ஒரு நல்ல உதாரணம். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில் உள்ள வண்டியாக இருந்தால், அவர் இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டுவார், மூன்றாவதை இரண்டாவதில். கோடை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி வருவார். இப்போது பி0303 வந்தால் காயில்தான் கெட்டது. கோளாறு அதனோடு இடம் மாறியிருக்கிறது. அதே பி0302 திரும்ப வந்தால் காயில் நிரபராதி. பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேடல் தொடரும். ஒரு பாகமும் வாங்காமல் கிடைத்த விடை இது.

விற்பவர்களுக்கும் கோடை அழிக்கத் தெரியும். இன்னும் துணிந்தவர்கள் விளக்கையே செயலிழக்கச் செய்துவிடுவார்கள். ஆகவே பழைய கார் பார்க்கப் போகிறவர் சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் பண்ணாமல் ஒரு நிமிடம் டேஷ்போர்டைப் பார்க்க வேண்டும். செக் என்ஜின், ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் எரிந்தாக வேண்டும். ஸ்டார்ட் ஆனபின் அணையாவிட்டால் கோளாறு. முதலில் எரியவே இல்லை என்றால் அதைவிடப் பெரிய கோளாறு.

மற்றவை சுருக்கமாக. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட்டுக்கு முன் டயர் காற்றைப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது 'டக் டக்' என்றால் சிவி ஜாயின்ட். வேகத்தடையில் 'டொக்' என்றால் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்தது. நீலப் புகை ஆயில் எரிவது, கரும்புகை எரிபொருள் மிகுவது. ஏசி கேஸ் ஓடஓடத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. வருடா வருடம் கேஸ் ஏற்றச் சொல்பவரிடம் லீக் எங்கே என்று கேட்க வேண்டும்.

ஒரு வகை வண்டிக்கு மட்டும் இந்தப் பரிசோதனைகள் எதுவும் பயன்படாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எண்ணிலடங்காதவை. அப்படிப்பட்ட வண்டிகளைக் கழுவித் துடைத்து விற்பதும் நடக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் உள்பகுதியில் சேற்றுக்கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கும், ஸ்டெப்னி குழியில் மண் ஒட்டியிருக்கும். அந்த வண்டியில் இன்று பவர் விண்டோ நிற்கும், நாளை ஏர்பேக் விளக்கு எரியும். வயரின் உள்ளே பச்சை பூத்த பிறகு தேடுவதற்கு முடிவே இல்லை. என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

பட்டறைக்குப் போகும்போது "வண்டி சரியில்லை" என்பதோடு நிறுத்தாமல், குளிராக இருக்கும்போதா சூடாக இருக்கும்போதா, எந்த வேகத்தில், எந்த கியரில் என்று சொல்லுங்கள். எதை அளந்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். அளந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மாற்றிய பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்கி வாருங்கள்.