ஆறாமல் இருக்க ஒரு மருந்து

காயம் சீக்கிரம் ஆற வேண்டும் என்றுதான் எல்லோரும் சாமி கும்பிடுவோம். கண் நீர் அழுத்த நோய்க்குச் செய்யும் அறுவையில் டாக்டரின் கவலை நேர்மாறானது. காயம் முழுசாக ஆறிவிட்டால் செய்த அறுவையே வீண்.

பஞ்சுத் தூசியும் மெடிக்கல் சொட்டும்

கட்டிங் டேபிளிலும் ஓவர்லாக் மிஷினிலும் பறக்கும் பஞ்சு கண்ணை உறுத்தும். திருப்பூர்க்காரர்கள் பலர் போகிற வழியில் மெடிக்கலில் சீட்டு இல்லாமல் ஒரு சொட்டு மருந்து வாங்கிக்கொள்வார்கள். பீஸ் ரேட்டில் தைப்பவர் ஷிஃப்டை விட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியுமா? அந்தச் சொட்டில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு உடனே அடங்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தாலோ சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, கண் நீர் அழுத்த நோய் வரலாம். பெரும்பாலும் வலிக்காது, ஓரப் பார்வைதான் முதலில் போகும், போனது திரும்பாது. தமிழ்நாட்டில் நடந்த ஆய்வுகளில் இந்நோய் கண்டறியப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல், அதுவரை அது இருப்பதே தெரியாதவர்கள்.

ஊதா நிற மருந்து

அழுத்தத்தைக் குறைக்கத் தரும் சொட்டு மருந்துக்கும் அது இறங்காவிட்டால் டிராபெகுலெக்டமி செய்வார்கள். மேல் இமைக்கு அடியில், வெள்ளை விழியில் சின்ன மூடிபோல் வெட்டி, அதன் கீழ் துளையிட்டு, உள்ளே தேங்கும் நீரை மேல்சவ்வுக்கு அடியில் வடியவிடுவது. அங்கே ஒரு சிறு கொப்புளம் நிற்கும். உடம்போ அதைப் புண்ணென்று நினைத்துத் தழும்பு போட்டு அடைக்கப் பார்க்கும். இளவயதுக்காரர்கள், முன்பே கண் அறுவை செய்தவர்கள், பல வருஷம் சொட்டு ஊற்றியவர்கள் ஆகியோருக்கு இந்த அடைப்பு அதிகம்.

அதைத் தடுப்பது மைட்டோமைசின்-சி. 1950களில் ஜப்பானில் மண் நுண்ணுயிரியிலிருந்து எடுத்த மருந்து, புற்றுநோய்க்குத் தருவது. தைவானின் டாக்டர் சென் 1983-இல் இதைக் கண்ணில் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டார். ஊதா நிறக் கரைசலில் நனைத்த பஞ்சுத் துண்டுகளைச் சவ்வுக்கு அடியில் சில நிமிடம் வைத்து எடுத்து, நன்றாகக் கழுவிவிடுவார்கள். எவ்வளவு, எத்தனை நிமிடம் என்பதில்தான் சூட்சுமம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை நோயாளிகளிடம், மில்லிக்கு 0.2, 0.4 மில்லிகிராம் என அளவையும் நேரத்தையும் மாற்றி ஒப்பிட்ட ஆய்வு 1997-இல் வெளியானது. மருந்து வைத்த கண்களில் அழுத்தம் நன்றாகக் குறைந்திருந்தது.

கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் அறுவைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த மருந்து அவர்களுக்கு ஆகாது.

கொப்புளம் உள்ளவரை

செல்கள் பெருகாமல் தடுக்கும் மருந்து என்பதால் கொப்புளத்தின் தோல் மெலிந்துபோகலாம். நீர் கசியலாம், அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம். எல்லாவற்றிலும் பயப்பட வேண்டியது கிருமித் தொற்று. அறுவை முடிந்து பல வருஷம் கழித்தும் அது வரும். கண் சிவந்து, வலித்து, பீளை தள்ளி, பார்வை மங்கினால் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பழைய சொட்டு பாட்டிலைத் தேடக் கூடாது. பஞ்சு விழுந்தாலும் கண்ணைக் கசக்கக் கூடாது. வேலையில் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

முதல் சில வாரங்கள் அடிக்கடி வரச் சொல்வார்கள். தையலைத் தளர்த்துவதும், தழும்பு தலைகாட்டினால் ஊசி மருந்து போடுவதும் அப்போதுதான். ஆர்டர் அவசரம் என்று இந்த வருகையைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. தேவையான சந்தா கட்டியிருக்கும் இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு, டாக்டர் சான்றிதழ் இருந்தால், வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். சான்றிதழை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.